அழைப்பிதழின்றி வந்த விருந்தினர்: சிகாகோ சர்வ சமயப் பேரவை, 1893

திருவிழாக் காலத்தில் தெய்வ வழிபாட்டோடு அறிவு வழிபாடும் ஒருங்கே நடைபெறுதல் தமிழர்தம் தொன்மையான வழக்கமாகும். பூம்புகாரில் இருபத்தெட்டு நாள்கள் நடைபெற்ற இந்திர விழாவை எடுத்துரைக்கும் மணிமேகலைக் காப்பியம், பல்வேறு சமயத்துச் சான்றோரும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் கொள்கைகளை உரைக்குமாறு முரசறைந்து அழைக்கப்பட்ட செய்தியைத் தருகின்றது. திருவள்ளுவப் பெருந்தகையும் கல்வி என்னும் அதிகாரத்தோடு அமையாது, கேள்வி எனத் தனியே ஓர் அதிகாரத்தை வகுத்தருளினார். ஏட்டைப் படித்து அறிவது ஒரு வழி; அறிந்தார் வாய்ச்சொல்லைக் கேட்டு அறிவது மற்றொரு வழி. எழுத்தறியாத எளியோருக்கும் இந்த இரண்டாம் வழி திறந்திருக்கின்றது.

இந்நாளில், அறிஞர்கள் மேடையேறித் தம் கருத்தைச் சுருக்கமாகப் பொதுமக்களுக்கு வழங்கும் மாநாடுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. 1984ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் தொடங்கிய ‘டெட்’ மாநாடு அவற்றுள் பெயர்பெற்றதாகும். பதினெட்டு நிமிடங்களுக்குள் அமையுமாறு வகுக்கப்பட்ட அதன் உரைகளை நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே கேட்டு மகிழ்கின்றனர். ஆயினும், இத்தகைய மேடைகளுக்கெல்லாம் முன்னோடியாக விளங்கிய ஒரு மாநாட்டை நாம் மறந்துவிடலாகாது. 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 27 வரை, பதினேழு நாள்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற சர்வ சமயப் பேரவையே அது. அம்மேடையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரையை அறியாதார் இலர். அம்மேடையை அவர் எவ்வாறு சென்றடைந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்கள் மன்றங்களின் தோற்றம்

அமெரிக்க மண்ணில் பொதுமக்களுக்கான சொற்பொழிவு மன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோன்றிவிட்டன. 1826ஆம் ஆண்டு ஜோசையா ஹோல்புரூக் என்பார், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்பரி என்னும் சிற்றூரில் ‘லைசியம்’ என்ற பெயரில் ஒரு மன்றத்தை நிறுவினார். உழவரும் தொழிலாளரும் மாலை வேளையில் கூடி அறிவியல், வரலாறு, ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிவதற்காக அமைந்த அம்முறை விரைவிலேயே பல ஊர்களுக்கும் பரவிற்று. பகவத் கீதையைப் போற்றிப் பயின்ற எமர்சன் என்னும் பேரறிஞரும் இம்மன்றங்களிற் பன்முறை உரையாற்றியவரே.

பின்னர் 1874ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில், லூயிஸ் மில்லர் என்னும் தொழிலதிபரும் ஜான் வின்சென்ட் என்னும் சமய போதகரும் கோடைக்கால முகாம் ஒன்றைத் தொடங்கினர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கப்பட்ட அம்முகாம், நாளடைவில் கலை, இலக்கியம், அரசியல் அனைத்தையும் பொதுமக்கள் கேட்டுப் பயனுறும் அறிவுத் திருவிழாவாக வளர்ந்தது. நல்ல பேச்சைக் கேட்பதற்கென்றே குடும்பத்தோடு பயணஞ் செய்யும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருந்த காலத்திற்றான் சிகாகோ மாநாடு கூடிற்று.

கண்காட்சியும் கருத்துக்காட்சியும்

கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் பொருட்டு, 1893ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. மின்விளக்குகள், இயந்திரங்கள், 264 அடி உயரமுள்ள ஃபெர்ரிஸ் இராட்டினம் எனப் புதுமைகள் பலவும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. சார்லஸ் போனி என்னும் சிகாகோ வழக்கறிஞர், பொருள்களை மட்டும் காட்டினாற் போதாது, மனித குலத்தின் எண்ணங்களையும் ஒருங்கே காட்டவேண்டும் என்று 1889ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். அதன் பயனாகக் கல்வி, மருத்துவம், தொழிலாளர் நலம், மகளிர் முன்னேற்றம், வரலாறு முதலிய துறைகளில் மாநாடுகள் பல வரிசையாக நடைபெற்றன. அவற்றுள் மிகுதியாகப் பேசப்பட்டது சர்வ சமயப் பேரவையே.

பேரவைக் குழுவின் தலைவராக ஜான் ஹென்றி பாரோஸ் என்னும் கிறித்துவ போதகர் பொறுப்பேற்றார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மடல்கள் அனுப்பப்பட்டன. எல்லாரும் அவற்றை வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. தம் சமயத்தைப் பிற சமயங்களோடு சமநிலையில் அமர்த்த இயலாது என்னும் கருத்தினராய், இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராயர் பங்கேற்க மறுத்தார். துருக்கி சுல்தானின் ஆதரவும் கிட்டவில்லை. சமணத் துறவியாகிய ஆத்மாராம்ஜி அழைப்பைப் பெற்றும், துறவு நெறி கடற்பயணத்தைத் தடுத்தமையால், வீர்சந்த் காந்தி என்னும் இளைஞரைப் பயிற்றுவித்துத் தம் சார்பில் அனுப்பிவைத்தார். இலங்கையிலிருந்து பௌத்த சமயத்தின் சார்பில் அநகாரிக தர்மபாலர் புறப்பட்டார். இவர்களுக்கெல்லாம் முறையான அழைப்பு இருந்தது; அடையாளம் இருந்தது. அந்த இரண்டுமின்றி ஒருவர் புறப்பட்டார்.

சென்னை இளைஞர்களின் தொண்டு

அப்பொழுது விவேகானந்தர் முப்பது வயது இளந்துறவி. பாரத நாடெங்கும் கால்நடையாகவும் புகைவண்டியிலும் சுற்றி, 1892ஆம் ஆண்டு இறுதியிற் கன்னியாகுமரியை அடைந்தவர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவர்கள், சிகாகோ மாநாட்டிற்குச் செல்லுமாறு அவரை ஊக்குவித்தவர்களுள் ஒருவராவார். ஆயினும், பயணச் செலவுக்கு வேண்டிய பொருளைத் திரட்டும் பணியைத் தலைமேற்கொண்டவர் அரசர் அல்லர். சென்னைப் பச்சையப்பன் கல்வி நிறுவனத்தைச் சார்ந்த பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய அளசிங்கப் பெருமாள் என்னும் இளைஞர். அவரும் அவர்தம் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டினர். சுவாமிகள் பாரதத்து எளிய மக்களின் பொருட்டே தாம் செல்வதாகக் கருதியமையால், நடுத்தர மக்களிடமிருந்தே பெரும்பகுதிப் பொருளைப் பெறுமாறு பணித்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. வடபுலத்துக் கேத்ரி மன்னரும் பின்னர் உதவினார்.

1893ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ‘பெனின்சுலர்’ என்னும் கப்பலிற் பம்பாயிலிருந்து சுவாமிகள் புறப்பட்டார். கொழும்பைக் கடந்த அக்கப்பல் நம் பினாங்குத் துறைமுகத்தையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சென்றது. அவர் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து ஜூலை 10ஆம் நாள் சென்னை அன்பர்களுக்கு வரைந்த மடலில், பினாங்கைப் பற்றியும், சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பனை வகைகளைப் பற்றியும் குறித்துள்ளார். அதே காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் இதே பினாங்கில் இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் சென்றுகொண்டிருந்தனர். ஒரே கடல், ஒரே கரை. ஒருவர் உலக மேடையை நோக்கிச் சென்றார்; பல்லாயிரவர் பெயரும் அறியப்படாமல் உழைப்பை நோக்கிச் சென்றனர். மலேசியத் தமிழராகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூடிய கதவு

ஜூலை இறுதியிற் சிகாகோவை அடைந்த சுவாமிகளுக்குப் பேரிடி காத்திருந்தது. பேரவை கூடுவதற்கு இன்னும் பல வாரங்கள் உள்ளன என்பதும், முறையான சான்று மடல் இல்லாத எவரும் பேராளராக ஏற்கப்படமாட்டார் என்பதும், பெயர் பதிவதற்குரிய காலமும் கடந்துவிட்டது என்பதும் கண்காட்சித் தகவல் நிலையத்திற் கேட்டபொழுதே தெரியவந்தன. அனுப்பிய அன்பர்களும் இவற்றை அறிந்திருக்கவில்லை. அவர்தம் அன்பு விதிமுறைகளை வினவித் தெரிந்துகொள்ளும் அளவிற்கு உலகியல் அறிந்ததன்று. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. குளிருக்கேற்ற உடையும் இல்லை.

செலவு குறையும் என்று கருதிப் பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். வரும் வழியிற் புகைவண்டியில் அறிமுகமாகியிருந்த கேட் சான்பார்ன் என்னும் எழுத்தாளர் தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். அத்தொடர்பின் வாயிலாக, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் என்பாரின் நட்புக் கிடைத்தது. ஆகஸ்டு மாத இறுதியில் அன்னிஸ்குவாம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருவரும் உரையாடினர். இந்து சமயத்தின் சார்பில் பேரவையிற் பேசவேண்டும் என்று பேராசிரியர் வற்புறுத்த, தம்மிடம் சான்று மடல் எதுவும் இல்லை என்று சுவாமிகள் தெரிவித்தார். கதிரவனிடம் ஒளிவீசுவதற்கு உரிமைச் சான்று கேட்பாருண்டோ என்னும் கருத்துப்படப் பேராசிரியர் மறுமொழி கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். பாராட்டுரையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு உடனே பரிந்துரை மடல் எழுதினார். சிகாகோவுக்குப் பயணச்சீட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இன்னல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. சிகாகோவில் இறங்கிய சுவாமிகள் தாம் செல்லவேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டார். அன்றிரவை நிலையத்தருகே ஒரு வெற்றுச் சரக்கு வண்டியிற் கழித்தார். மறுநாட் காலையில் வீடு வீடாகச் சென்று வழி கேட்டவரை, கசங்கிய உடையையும் நிறத்தையும் கண்டோர் விரட்டியடித்தனர். சோர்ந்துபோய்த் தெருவோரத்தில் அமர்ந்திருந்தவரை எதிர்வீட்டிலிருந்து கண்ட திருமதி ஹேல் என்னும் அம்மையார் தாமே இறங்கிவந்து, பேரவைக்கு வந்தவரோ என்று வினவி, உள்ளே அழைத்து உணவளித்து, மாநாட்டு அலுவலகத்திற்கும் அழைத்துச் சென்றார். பல கதவுகள் மூடிய தெருவில் ஒரு கதவு திறந்தது. வரலாறு அதன் வழியே நடந்து சென்றது.

அந்தப் பதினேழு நாள்கள்

செப்டம்பர் 11ஆம் நாள் காலை பத்து மணிக்கு, பத்துச் சமயங்களின் நினைவாக மணி பத்துமுறை ஒலித்தது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் அமரக்கூடிய கொலம்பஸ் மண்டபம் நிரம்பி வழிந்தது. பேராளர் பலரும் எழுதிய உரைகளோடு வந்திருந்தனர். எழுதி வராத விவேகானந்தர் தம் முறையைத் தள்ளிக்கொண்டே சென்று, பிற்பகலிற்றான் எழுந்தார். கலைமகளை மனத்துள் வணங்கி, அவையோரைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று விளித்தார். அவ்வொரு விளியைக் கேட்டதும் அவை எழுந்து நின்று ஆரவாரித்தது. சில நிமிடங்களே அமைந்த அவ்வுரையில், எல்லாச் சமயங்களையும் ஏற்கும் பரந்த நோக்கையும், சமய வெறியின் கேட்டையும் எடுத்துரைத்தார்.

15ஆம் நாள், தன் கிணற்றைவிடப் பெரியது உலகில் இல்லை என்று சாதித்த தவளையின் கதையைக் கூறி, ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் கிணற்றுள் அமர்ந்திருப்பதைச் சுட்டினார். 19ஆம் நாள் இந்து சமயம் பற்றிய விரிவான கட்டுரையை வாசித்தார். 20ஆம் நாள், பாரத மக்களின் உடனடித் தேவை சமயமன்று, பசி தீர்க்கும் உணவே என்று அஞ்சாது கூறினார். சமய மாநாட்டு மேடையில் நின்று இவ்வாறு கூறுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அவர் ஒருவரே அம்மேடையை அணிசெய்தார் எனக் கொள்ளுதல் பிழையாகும். பிரம்ம சமாஜத்தின் பிரதாப் சந்திர மஜும்தார், ஜப்பானிய ஜென் துறவி சோயென் ஷாகு, இசுலாத்தைத் தழுவிய அமெரிக்கர் முகம்மது வெப் முதலியோரும் உரையாற்றினர். பெண்களும் அம்மேடையிற் பேசினர். கறுப்பினத்தவரான ஃபேனி பாரியர் வில்லியம்ஸ் அம்மையார் அவர்களுள் ஒருவர்.

உண்மை வரலாறு குறைகளையும் கூறவேண்டும். பேராளர்களுட் பெரும்பாலோர் கிறித்துவரே. பிற சமயங்கள் யாவும் இறுதியிற் கிறித்துவத்திலேயே நிறைவெய்தும் என்னும் நம்பிக்கை குழுத்தலைவரிடமே இருந்தது. அமெரிக்க மண்ணின் பூர்வகுடி மக்களின் சமயத்தை எடுத்துரைக்க அம்மக்களிலிருந்து ஒருவரும் அழைக்கப்படவில்லை. உலகமே கூடியதாகக் கூறிக்கொண்ட அவையிலும், வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டோர் இருந்தனர்.

பேச்சு செயலானபோது

பேரவை முடிந்தபின் சுவாமிகள் ஒரு சொற்பொழிவு நிறுவனத்துடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டு ஊர் ஊராகப் பேசினார். வருவாயின் பெரும்பங்கைப் பிறரே எடுத்துக்கொள்வதைக் கண்டு, இழப்பையும் பொருட்படுத்தாது விலகினார். கருத்து விலைப்பொருளாகும்போது நேரும் இடர் அன்றே இருந்தது.

அளசிங்கப் பெருமாளோ தாயகத்திலிருந்தவாறே தம் தொண்டைத் தொடர்ந்தார். 1895இல் ‘பிரம்மவாதின்’ என்னும் இதழைச் சென்னையில் தொடங்கி நடத்தினார். 1897 ஜனவரியில் சுவாமிகள் கொழும்பு வழியாகப் பாம்பனில் வந்திறங்கியபோது சேதுபதி மன்னரே நேரில் வரவேற்றார். அவ்வாண்டு மே முதல் நாள் இராமகிருஷ்ணர் சங்கம் தோற்றுவிக்கப்பெற்று, மருத்துவம், கல்வி, பஞ்ச நிவாரணம் ஆகிய பணிகளில் ஈடுபட்டது. சிகாகோவில் உணவைப் பற்றிச் சொன்ன சொல் செயலாயிற்று. அவ்வலை நம் கரையையும் தொட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டு விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. தமிழ்க் கல்விக்கும் அது துணைநின்றது. சிங்கப்பூரில் 1928ஆம் ஆண்டு இராமகிருஷ்ணர் சங்கக் கிளை அமைந்தது. பேரவையும் நூறாண்டு கடந்து, 1993இல் மீண்டும் சிகாகோவிற் கூடி, எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அறநெறிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. அதன்பின் கேப் டவுன், பார்சிலோனா, மெல்பர்ன் முதலிய நகரங்களிலும் கூடிற்று. 2023இல் சிகாகோவுக்கே திரும்பிற்று.

முகப்பில் அமர்ந்திருப்போர்க்கு

இவ்வரலாற்றை எழுதும் நான் அரசாங்க ஊழியன். ஆவணங்களைச் சரிபார்ப்பதே என் அன்றாடப் பணி. விதிமுறைகள் இல்லாமல் நிருவாகம் இல்லை என்பதை நன்கறிவேன். சிகாகோ தகவல் நிலையத்து ஊழியரும் தம் கடமையையே செய்தார், அவர்மீது குற்றமில்லை.

ஆயினும் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சை இன்றும் உறுத்துகின்றது. பல ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புறத்து மூதாட்டி ஒருவர், பிறப்புப் பத்திரம் இல்லாத பேரனைக் கைப்பிடித்து நான் பணியாற்றிய அலுவலகத்திற்கு வந்தார். ஒரு தாள் குறைகிறது என்று அனுப்பினேன். மறுமுறை வேறொரு தாள். மூன்றாம் முறையும் அவ்வாறே. நான் கூறியவை யாவும் விதிப்படி சரியானவையே. நான்காம் முறை அவர் வரவில்லை. அப்பையன் பள்ளியிற் சேர்ந்தானா என்பதை நான் அறியேன்.

இதனை எண்ணும்போதெல்லாம் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. என் பிறப்பும் காலங்கடந்தே பதியப்பெற்றது. பள்ளியிற் சேரவேண்டிய நாளில் பத்திரம் கைக்கு வந்து சேரவில்லை. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், இப்பிள்ளையை நான் அறிவேன் என்று தம் கையால் ஒரு மடல் எழுதிக் கொடுத்து, தாமே என் தந்தையுடன் அலைந்து, என்னை வகுப்பில் அமர்த்தினார். அந்த ஒரு மடலால் எழுத்தறிந்தவன்தான் பிற்காலத்தில் அம்மூதாட்டியைத் திருப்பி அனுப்பினான். ரைட் பேராசிரியரின் வரலாற்றைப் படித்தபொழுது என் கண்முன் நின்றவர்கள் அத்தலைமையாசிரியரும் அம்மூதாட்டியுமே. இப்பொழுதெல்லாம் தாள் குறையும் எவரையும், அதனைப் பெறும் வழியை எழுதிக் கொடுக்காமல் நான் அனுப்புவதில்லை. விதியை மீறாமலும் கதவைத் திறக்க வழியுண்டு.

அன்பர்களே! ஒரு மேடை பேசுபவரால் மட்டும் உயர்வு பெறுவதில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிய ஆசிரியர், ஒரு மடல் எழுதிய பேராசிரியர், தெருவைக் கடந்து வந்த அம்மையார், அமர்ந்து கேட்ட நாலாயிரவர் ஆகிய அனைவராலுமே சிகாகோ மேடை உயர்வு பெற்றது. நம் திருவிழாக் காலத்திலும் மேடைகள் அமைகின்றன, பிள்ளைகள் பேசுகின்றனர். அப்பிள்ளைகளுள் தயங்கி வாயிலில் நிற்பவன் எவன், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதவன் எவன் என்று நம்முள் ஒருவரேனும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவன் கையைப் பற்றி உள்ளே அழைத்து வருவதும் திருவிழாத் தொண்டேயாகும்.

வாழ்க அறிவுத் தொண்டு! வளர்க நல்லிணக்கம்!